மழை பெய்யாத நிலத்தில் வீட்டுத் தோட்டம்

என் பாட்டி பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். சப்பான்காரன் காலத்தைப் பற்றி நாங்கள் கேட்டால், தம் தாயார் சொன்னதை அப்படியே எங்களுக்குச் சொல்வார். வெளிநாட்டு அரிசி வருவது நின்று போனது. பங்கீட்டில் கிடைத்த அரிசி போதவில்லை. லயத்துக்குப் பின்னால் கிடந்த வெற்று நிலமெல்லாம் மரவள்ளியாக மாறியது. "குச்சிய ஒடிச்சு மண்ணுல குத்துனா போதும், மத்தத மழை பார்த்துக்கும்" என்று கொள்ளுப்பாட்டி சொல்வாராம்.

பல்கலைக்கழகத்தில் உணவுப் பாதுகாப்பு பற்றிய பாடம் ஒன்றை எடுத்தபோது இந்த வாக்கியம்தான் என் நினைவுக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சநிலை மாநாடு, எல்லா மக்களுக்கும் எல்லா நேரத்திலும் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எட்டும் நிலையையே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. இதை நான்கு தூண்களாகப் பிரித்துப் பாடம் நடத்துவார்கள். உணவு இருக்க வேண்டும். அதை வாங்கவோ பெறவோ வழி இருக்க வேண்டும். உண்டது உடலில் சேர வேண்டும். இம்மூன்றும் நாளையும் நிலைக்க வேண்டும்.

கொள்ளுப்பாட்டியின் மரவள்ளி, முதல் தூண் சாய்ந்தபோது முட்டுக்கொடுத்தது. ஆனால் அந்த முட்டுக்கட்டையை நிறுத்தியது மழை. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையே இல்லாத இடத்தில் குச்சியைக் குத்துபவர்கள் என்ன செய்வார்கள்? இன்று எதற்கெடுத்தாலும் கைத்தொலைபேசியைக் காட்டுகிறோமே, அது அவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் பாடப்பணிக்காக நான் எடுத்துக்கொண்ட இடம் சகாரா பாலைவனத்தில் உள்ள திண்டூஃப். அங்கே நான் சென்றதில்லை. படித்ததையும், அதில் ஒரு பகுதியை இங்கே நானே செய்து பார்த்ததையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

முகாம்களின் கதை

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில் உள்ள மேற்குச் சகாரா, 1970-களின் நடுப்பகுதி வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1975-76-இல் ஸ்பெயின் வெளியேறியபோது மொரோக்கோவும் மொரிட்டானியாவும் அந்நிலத்தினுள் நுழைந்தன. அம்மண்ணின் விடுதலையைக் கோரிய பொலிசாரியோ முன்னணிக்கும் அவற்றுக்கும் போர் மூண்டது. சஹ்ராவி மக்களில் பலர் எல்லை கடந்து அல்ஜீரியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள திண்டூஃபை அடைந்தனர். 1991-இல் போர் நிறுத்தம் ஏற்பட்டது; 2020 நவம்பரில் அதுவும் முறிந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அம்மக்கள் இன்னும் முகாம்களிலேயே இருக்கிறார்கள். முகாம்களுக்குத் தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: எல் அயூன், ஸ்மாரா, அவ்ஸெர்த், தாக்லா, பூஜ்தூர். 2018-இல் ஐ.நா. மதிப்பிட்ட மக்கள்தொகை 173,600.

முகாம்கள் அமைந்திருப்பது 'ஹமாடா' எனப்படும் கல் பாலைவனத்தில். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 50 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரில் ஒரு மாலை நேரத்து இடிமழையே சில நாள்களில் அதைத் தாண்டிவிடும். கோடையில் வெப்பம் 45 பாகையைக் கடப்பது வழக்கம். விந்தை என்னவென்றால், அரிதாக வரும் மழை வந்தால் வெள்ளமாக வருகிறது. 2006-லும் 2015-லும் பெய்த மழை, மண்கல்லால் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளைக் கரைத்துவிட்டது.

உலக உணவுத் திட்டம் 1986 முதல் இம்மக்களுக்கு உணவு வழங்கி வருகிறது. மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை போன்றவை மாதந்தோறும் கிடைக்கின்றன. பசி அடங்குகிறது. ஆனால் காய்கறி, பால், இறைச்சி ஆகியவை இந்தப் பங்கீட்டில் மிகக் குறைவு. அதன் விளைவு உடலில் தெரிகிறது. 2019-இல் எடுத்த சத்துணவு ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. நான்கு தூண்களில் மூன்றாவது தூண் இங்கே சாய்ந்திருக்கிறது. வீட்டுத் தோட்டம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

முதலில் ஆடு

வீட்டுத் தோட்டம் என்றதும் நாம் தக்காளியையும் வெண்டைக்காயையும் நினைக்கிறோம். திண்டூஃபில் பலருடைய கவனத்தைக் கவர்ந்த முதல் பயிர் மனிதர் உண்பது அன்று; அது ஆட்டுக்கான தீனி.

சஹ்ராவிகள் பரம்பரையாக ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர்கள். முகாமிலும் பல குடும்பங்கள் சில ஆடுகளையாவது வைத்திருக்கின்றன. ஆடு இருந்தால் பால் உண்டு; விருந்தாளி வந்தால் இறைச்சி உண்டு; அவசரத்துக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் மேய்வதற்குப் புல் இல்லை. ஆடுகள் குப்பையைக் கிளறிக் காகிதத்தையும் நெகிழிப் பையையும் தின்கின்றன. பால் வற்றுகிறது, வயிற்றில் நெகிழி அடைத்து ஆடுகள் சாகின்றன.

முகாமிலேயே வாழும் வேளாண் பொறியாளர் தாலிப் பிராஹிம் இதற்கு ஒரு வழி தேடினார். மண்ணில்லாமல், தட்டில் பார்லி விதைகளை முளைக்க வைத்து ஒரே வாரத்தில் பசுந்தீனி எடுக்கும் முறை உலகில் முன்பே இருந்தது. அதை 2017 வாக்கில் உலக உணவுத் திட்டத்தின் ஆதரவோடு முகாமில் முயன்று பார்த்தார்கள். முதலில் வந்தது குளிரூட்டி பொருத்திய கப்பல் கொள்கலன். நன்றாக வேலை செய்தது. ஆனால் விலை மிக அதிகம். மின்சாரம் நின்றால் எல்லாம் நின்றது. பழுது பார்க்கும் பொருளும் அங்கே கிடைக்காது. அதனால் கொள்கலனை விட்டுவிட்டு, முகாமில் கிடைக்கும் மண்கல், துணி, தட்டு ஆகியவற்றைக் கொண்டே சிறு கூடங்களைக் கட்டினார்கள். மண்சுவர் வெப்பத்தைத் தடுக்கிறது. நனைத்த துணி வழியே காற்று வரும்போது நீர் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாக இது வேலை செய்யும். பாலைவனத்தின் குறையையே துணையாக்கிக்கொண்ட ஏற்பாடு இது.

செய்முறை எளிது. உடைந்த விதைகளையும் தூசியையும் நீக்கிக் கழுவ வேண்டும். ஏறத்தாழ அரை நாள் ஊறவைக்க வேண்டும். ஓட்டையிட்ட தட்டில் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பி, நாளுக்குப் பல முறை நீர் தெளிக்க வேண்டும். வடிந்த நீரை மீண்டும் பயன்படுத்தலாம். ஏழு, எட்டு நாளில் வேர்கள் பின்னிப் பாய் போலாகி, மேலே பசுமையாகத் தளிர் நிற்கும். ஆடு வேரோடு சேர்த்துத் தின்றுவிடும். ஒரு கிலோ விதைக்கு ஐந்து முதல் ஏழு கிலோ வரை கிடைக்கும்.

நான் செய்து பார்த்தது

இவ்வளவு எளிது என்றால் நாமும் செய்து பார்க்கலாமே என்று விடுதி அறையில் தொடங்கினேன். மளிகைக் கடையில் பார்லி வாங்கி ஊறவைத்தேன். மூன்று நாளாகியும் முளை வரவில்லை, நாற்றம்தான் வந்தது. பார்லி தண்ணீர் காய்ச்ச விற்கும் பார்லி, உமியோடு முளையும் போகும்படி தீட்டப்பட்டது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அரிசியை விதைத்து நெல்லுக்குக் காத்திருந்த கதைதான்.

அடுத்து அரைக் கிலோ முழுக் கோதுமை வாங்கினேன். இரண்டாம் நாள் வெண்மையாய் வேர் எட்டிப் பார்த்தது. நான்காம் நாள் தட்டின் நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்தது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் தட்டு உலரவே இல்லை. பூஞ்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மின்விசிறியை அருகில் வைத்தேன். எட்டாம் நாள் மீதியை எடை போட்டேன். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது.

கம்பத்தில் ஆடு வளர்க்கும் ஒரு பெரியவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். "இது நல்லா இருக்கு தம்பி. ஆனா பூசணம் புடிச்சத மட்டும் கொண்டாந்துடாத. வயிறு ஊதிப் போயிடும்" என்றார். திண்டூஃபிலும் இம்முறைக்கு முதல் எதிரி பூஞ்சைதான். தட்டைக் கழுவிக் காய வைப்பதும், விதையைச் சுத்தம் செய்வதும், காற்றோட்டமும்தான் அதற்கு மருந்து.

இன்னொன்றும் செய்தேன். ஒரு துண்டை எடை போட்டு, நன்றாகக் காயவைத்து மீண்டும் எடை போட்டேன். ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அரைக் கிலோ விதை இரண்டு கிலோ தீனியாக மாறியது என்றால், கூடுதலாக வந்தது பெரும்பாலும் தண்ணீரே. முளைக்கும் விதை தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் வளர்கிறது. ஆகவே உலர்எடை சற்றுக் குறையவும் செய்யும். பிறகு என்ன பயன்? காய்ந்த தானியத்தில் இல்லாத உயிர்ச்சத்துகள் பசுந்தளிரில் உண்டு, எளிதில் செரிக்கும், நெகிழியைத் தின்னும் ஆட்டுக்கு ஒரு பச்சை உணவு கிடைக்கும். இம்முறையைப் புகழ்வோர் ஏழு மடங்கு என்ற கணக்கை மட்டும் சொல்லிவிட்டு, இந்தக் கணக்கை விட்டுவிடுவதுண்டு. பயன் உண்மை; மந்திரம் ஒன்றும் இல்லை.

தோட்டம் எவ்வளவு குடிக்கும்?

அடுத்தது காய்கறி. இங்கேதான் நான் பென்சிலும் தாளும் எடுக்க வேண்டியதாயிற்று.

வெயிலும் காற்றும் சேர்ந்து நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் நீரை இழுத்துக்கொள்வதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். பாலைவனக் கோடையில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் இழப்பு என்பது மிகையான கணக்கு அன்று. அப்படியானால் 10 சதுர மீட்டர் பாத்தி, அதாவது ஒரு சிறிய அறையின் அளவு, நாளுக்கு 80 லிட்டர் கேட்கும்.

அகதிகளுக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 20 லிட்டர் நீர் கிடைக்க வேண்டும் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் வைத்திருக்கும் அளவு. ஐவர் உள்ள குடும்பத்துக்கு 100 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். தண்ணீர் லாரியில் வந்து தொட்டியில் நிரப்பப்படும் இடங்களில், அந்தச் சிறு பாத்தி ஏறக்குறைய ஒரு குடும்பத்தையே போலக் குடிக்கிறது. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் வறண்ட நிலத்தின் வீட்டுத் தோட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. எதைப் பயிரிடலாம் என்பதை அங்கே ஆசை முடிவு செய்வதில்லை. நீர்க் கணக்குதான் முடிவு செய்கிறது.

கணக்கைக் குறைக்க வழிகள் உண்டு. நிழல்வலை கட்டினால் இழப்பு குறையும். பாத்தியை மேடாக்காமல் பள்ளமாக்கினால் காற்று படாது. ஊற்றிய நீரும் அங்கேயே தங்கும். மணலின் மேல் காய்ந்த தழையை மூடலாம். சொட்டுக் குழாய் வைத்தால் செடியின் அடி மட்டும் நனையும். கை கால் கழுவிய நீரைச் செடிக்கு விடலாம். மணலோடு எருவும் மக்கிய குப்பையும் சேர்த்தால் மணல் நீரைப் பிடித்து வைக்கும். இவற்றையெல்லாம் ஒருசேரக் கடைப்பிடிக்கும் சிறு குடும்பத் தோட்டங்கள் இன்று முகாம்களில் உள்ளன.

அங்கு நட்டுப் பார்க்கப்பட்ட மரங்களுள் ஒன்றைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அது நம் முருங்கை. வேர் ஊன்றிவிட்டால் வறட்சியைத் தாங்கும். இலையில் இரும்புச்சத்து உண்டு. உலகம் அதற்கு வழங்கும் 'மொரிங்கா' என்ற பெயரே தமிழ், மலையாளச் சொற்களிலிருந்து போனது. இரத்தச் சோகை உள்ள ஒரு முகாமில் அது நிற்பது பொருத்தமே. ஆனால் கீரையிலுள்ள இரும்பு உடலில் முழுவதும் சேர்வதில்லை. எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பானவற்றோடு உண்டால் சற்று அதிகம் சேரும்.

உப்புக் கணக்கு

நீர் அளவு ஒரு பக்கம் என்றால் நீரின் தன்மை மறுபக்கம். வறண்ட நிலங்களின் நிலத்தடி நீரில் பெரும்பாலும் உப்பு உண்டு. நீர் ஆவியாகிப் போகும். உப்பு மண்ணிலேயே தங்கும். சில பருவங்களில் பாத்தியின் மேல் வெண்படலம் தோன்றும். அந்த உப்பை அடியில் இறக்கத் தேவைக்கு மேல் நீர் விட வேண்டும். நீரே இல்லாத இடத்தில் அது எவ்வளவு கொடுமையான நிபந்தனை!

எல்லாப் பயிரும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உப்புத்தன்மையை மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று அளப்பார்கள். பீன்ஸ், கேரட் ஆகியவை 1 என்ற அளவைத் தாண்டியதும் விளைச்சலை இழக்கத் தொடங்கும். வெங்காயம் 1.2 வரை, தக்காளி 2.5 வரை, பீட்ரூட் 4 வரை தாங்கும். தானியமாக விளையும் பார்லி 8 வரை தாங்கும். ஒரு வீட்டார் பீன்ஸ் நடுவதா பீட்ரூட் நடுவதா என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும். அதை அளக்கப் பேனா அளவிலான மின்னணு மானி ஒன்று போதும். நீரில் முக்கினால் திரையில் எண் தெரியும். இணையம்கூடத் தேவையில்லை. மின்னணுக் கருவி என்றதும் நாம் நினைக்காத இந்தச் சிறு பொருள்தான், என் பார்வையில், வறண்ட நிலத்து வீட்டுத் தோட்டத்துக்கு முதலில் வேண்டியது.

கைத்தொலைபேசி என்ன செய்யும்?

பெரிய கருவிகளுக்கு வருவோம். இவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்: கற்பிப்பவை, அளப்பவை, நோய் காண்பவை.

கற்பிப்பதற்குத் திண்டூஃபே எடுத்துக்காட்டு. அங்குப் பிறந்த பசுந்தீனி முயற்சியை உலக உணவுத் திட்டம் 'எச்-டூ-குரோ' என்ற பெயரில் வேறு பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. கூடத்தின் வரைபடம், செலவு, செய்முறை ஆகியவற்றை இணையவழி பகிர்ந்துகொண்டார்கள். ஓர் அகதி தம் கூரையின் கீழ்க் கற்றதை வேறொரு கண்டத்து வறண்ட நிலத்தார் படிக்க முடிகிறது. அறிவு எப்போதும் பணக்கார நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

அளப்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 'கமீலியன்' என்ற கருவி. பச்சோந்தி என்று பொருள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டர்சேக்கர் உருவாக்கியது. மண்ணில் வெவ்வேறு ஆழத்தில் உணரிகளைப் புதைத்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு விளக்கு. ஈரம் இருந்தால் நீலம், நடுத்தரமானால் பச்சை, காய்ந்தால் சிவப்பு. எண் படிக்கத் தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. பதிவை இணையத்துக்கும் அனுப்பலாம்.

ஜிம்பாப்வேயின் வறண்ட தென்பகுதியிலும், மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலும் சிறு விவசாயிகள் இதைப் பயன்படுத்தினார்கள். பலர் கண்டது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. பஞ்ச நிலத்தில் இருந்துகொண்டே அவர்கள் தேவைக்கு அதிகமாக நீர் பாய்ச்சி வந்திருக்கிறார்கள்! முறை வந்தால் பாய்ச்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து எப்போது கிடைக்குமோ என்ற அச்சமே காரணம். அதிக நீர் உரச்சத்தை வேருக்குக் கீழே இழுத்துச் சென்றது. நீலம் தெரிந்துகொண்டிருக்கும்போது பாய்ச்சாமல் விட்டார்கள். பாய்ச்சும் தடவை குறைந்தது, விளைச்சல் உயர்ந்தது, மிஞ்சிய நேரத்தில் வேறு வேலை பார்த்தார்கள். கருவியைக் கொடுத்ததோடு நில்லாமல், விவசாயிகளையும் வணிகர்களையும் அதிகாரிகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்தார்கள் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். விளக்கின் நிறத்துக்குப் பொருள் கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

நோய் காண்பதற்கு 'நூரு' என்ற செயலி உண்டு. சுவாஹிலி மொழியில் ஒளி என்று பொருள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'பிளான்ட்வில்லேஜ்' குழு உருவாக்கியது. கைத்தொலைபேசியின் கண்ணை இலையின் முன் பிடித்தால், இணையம் இல்லாமலேயே நோயைச் சொல்லும். அது கற்றுக்கொண்ட பயிர்களில் ஒன்று, கொள்ளுப்பாட்டி நட்ட அதே மரவள்ளி. 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மரவள்ளி நோய்களைச் செயலி 65 விழுக்காடு சரியாகக் கண்டது. வேளாண் விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58 விழுக்காடும், விவசாயிகள் 18 முதல் 31 விழுக்காடும் சரியாகச் சொன்னார்கள். ஒரே செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது செயலியின் திறன் 74 முதல் 88 விழுக்காடாக உயர்ந்தது. ஒரே இலையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பது மனிதருக்கும் பொருந்தும் பாடம்தானே.

விண்கோளின் துணையோடு பயிரின் நீர்ப்பயன்பாட்டைக் காட்டும் 'வாபோர்' என்ற தகவல் தளமும் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2017-இல் தொடங்கியது. ஆற்றுப் படுகைக்கும் அணைக்கட்டுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளியே பல மீட்டர் அகலம் கொண்டது. வீட்டுப் பின்புறத்துப் பத்துச் சதுர மீட்டர் பாத்தி அதன் கண்ணுக்குத் தெரியாது. எல்லாக் கருவியும் எல்லாருக்கும் உரியதன்று.

செய்ய முடியாதவை

இவ்வளவும் சொன்ன பிறகு, இவற்றின் எல்லையையும் சொல்வதே முறை.

முதலாவது, வீட்டுத் தோட்டம் மாவுப் பங்கீட்டுக்கு மாற்றாகாது. பத்துச் சதுர மீட்டரில் ஒரு குடும்பத்தின் பசியை அடக்கும் தானியம் விளையாது. அது தருவது தட்டின் ஓரத்தில் வைக்கும் கீரையும், குழந்தைக்கு ஒரு குவளைப் பாலும். இரத்தச் சோகை உள்ள வீட்டில் அந்த ஓரம் சிறியதன்று. ஆனால் 'தோட்டம் போட்டுவிட்டார்களே' என்று சொல்லி உதவி நிறுவனங்கள் பங்கீட்டைக் குறைத்தால் அது அநியாயம்.

இரண்டாவது, சார்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பசுந்தீனிக்குப் பார்லி விதை வேண்டும். அது வெளியிலிருந்து வர வேண்டும். விதை வராத வாரம் தட்டுகள் காலி.

மூன்றாவது, கருவியும் பாலைவனத்தில்தான் வாழ வேண்டும். 45 பாகை வெப்பத்தில் கைத்தொலைபேசி சூடேறி அணைந்துவிடும். மணல் துளைகளை அடைக்கும். மின்கலன் விரைவில் கெடும். கொள்கலனுக்கு நேர்ந்தது செயலிக்கும் நேரலாம். அங்கேயே பழுது பார்க்கக்கூடியதுதான் அங்கே நிலைக்கும்.

நான்காவது, மொழி. சஹ்ராவி மக்கள் பேசுவது ஹஸ்ஸானியா அரபு. செயலியில் உள்ள ஆங்கிலமோ, நூல் அரபோ, ஆடு பார்க்கும் ஒரு மூதாட்டிக்கு எட்டாது. தமிழ் மொழிக் கழகத்தின் இதழில் இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாமும் 'பூஞ்சை' என்று எழுதுகிறோம். கம்பத்துப் பெரியவர் 'பூசணம்' என்கிறார். எந்தச் சொல் அவருக்குப் புரியுமோ அந்தச் சொல் செயலியில் இல்லையென்றால், அது அவருடைய ஆட்டைக் காப்பாற்றாது.

நிறைவாக

பாடப்பணியை முடித்துப் பாட்டியிடம் சொன்னேன். பத்துச் சதுர மீட்டர் பாத்தி ஒரு குடும்பத்தின் நீரைக் குடிக்கும் என்ற கணக்கைக் கேட்டவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பொம்பளைங்க புள்ளைக்கு ஊத்துறதா, செடிக்கு ஊத்துறதான்னு தெனமும் பார்க்கணுமா?" என்று கேட்டார்.

நான் பல பக்கங்களில் எழுதிய பாடப்பணியின் மையக் கேள்வியைப் பாட்டி ஒரே வரியில் கேட்டுவிட்டார். மானியும் விளக்கும் செயலியும் ஒரு சொட்டு நீரையும் உண்டாக்குவதில்லை. ஆனால் எந்தச் சொட்டு வீணாகிறது, எந்தச் செடி அந்த உப்பைத் தாங்கும், எந்த நாள் ஊற்றாமல் விடலாம் என்பதைத் தண்ணீர் சுமக்கும் அந்தப் பெண்ணுக்கே காட்ட முடியுமானால், அவள் தினமும் செய்யும் அந்தத் தேர்வு சற்று எளிதாகும். ஒரு நாள் ஊற்றாமல் விட்ட நீர், அன்று பிள்ளைக்கு உரியது. வறண்ட நிலத்துக்குக் கருவி செய்யப் புறப்படும் நம் மாணவர் எவரும், வரைபலகைக்குப் போகுமுன் பாட்டியின் கேள்விக்கு விடை தேடிவிட்டுப் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.